ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு

தலைநகருக்கு வந்து 25 ஆண்டுகளாக ஒரு மைய அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளும் எழுத்தன் நான். சமையற்கலையைப் பற்றி எழுத எனக்கு எள்ளளவும் தகுதியில்லை. உண்பது ஒன்றே அக்கலைக்கு நான் ஆற்றிவரும் தொண்டு. ஆயினும், உணவகக் கல்வி பயிலும் என் மகள் ஒரு மாலைப்பொழுதில் எனக்கு நடத்திய பாடம், நெடுநாளாக என் நெஞ்சில் தைத்திருந்த ஒரு முள்ளைத் தீண்டிவிட்டது. அதன் விளைவே இக்கட்டுரை.

அன்று கடைவீதி உணவகம் ஒன்றில் 'ஆல்ஃபிரடோ' என்ற பெயரில், பாலேட்டுக் குழைவில் மிதந்த பாஸ்தாவை வரவழைத்திருந்தோம். "இத்தாலியர் இவ்வளவு கொழுப்பையா உண்கிறார்கள்?" என்று நான் வியந்தேன். மகள் சிரித்தாள். "அப்பா, இது இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளை" என்றாள். ரோம் நகரில் உணவகம் நடத்திய ஆல்ஃபிரடோ டி லேலியோ என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரிமாறியது, வெண்ணெயும் பார்மிஜானோ என்னும் பாலாடைக்கட்டியும் சேர்த்துப் பிசறிய நாடா வடிவப் பாஸ்தா மட்டுமே. பாலேட்டை அதில் ஊற்றியது அமெரிக்க அடுக்களை.

அவள் மேலும் அடுக்கிக்கொண்டே போனாள். இத்தாலியில் பாஸ்தா என்பது விருந்தின் முற்பகுதி. பல்லில் சற்றே கடிபடும் பதத்தில் இறக்கி, மேலே பூசினாற்போல் அளவாகக் குழம்பு சேர்ப்பார்கள். இறைச்சி அதன் பின்னர்த் தனித்தட்டில் வரும். அமெரிக்காவிலோ, ஸ்பகெட்டிக் குவியலின் மீது பெரிய கோலா உருண்டைகளை அமர்த்தி, தக்காளிக் குழம்பில் முழுக்காட்டி ஒரே தட்டில் வைத்துவிடுகிறார்கள். இத்தாலியின் அப்ருஸ்ஸோ பகுதியில் பாஸ்தாவோடு உருண்டை சேர்வதுண்டு. ஆனால் அவை கோலிக்குண்டினும் சிறியவை. கத்தரிக்காயைத் தக்காளியோடும் பாலாடைக்கட்டியோடும் அடுக்கி வேகவைக்கும் தென்னித்தாலியப் பண்டத்தில், கடல் கடந்ததும் கத்தரிக்காயின் இடத்தைக் கோழி பிடித்துக்கொண்டது. பீட்சாவின் மேல் நாம் காணும் 'பெப்பரோனி' என்னும் காரத் தொத்திறைச்சியும் அமெரிக்கப் படைப்பே. அப்பெயரைச் சொல்லி இத்தாலியில் கேட்டால் குடைமிளகாய்தான் கிடைக்கும்!

இம்மாற்றங்கள் ஏன் நேர்ந்தன? 1880க்கும் 1924க்கும் இடையே ஏறத்தாழ 40 இலட்சம் இத்தாலியர் அமெரிக்காவில் போய் இறங்கினார்கள். அவர்களுள் பெரும்பாலோர் நேப்பிள்ஸ் சுற்றுப்புறம், கலாப்ரியா, சிசிலி முதலிய தென்பகுதிகளைச் சேர்ந்த ஏழைக் குடியானவர்கள். ஊரில் இறைச்சியைத் திருநாளன்று மட்டுமே கண்டவர்கள். அமெரிக்காவில் உழைத்த கூலிக்கு அது எளிதாகக் கிடைத்தது. பசித்திருந்த ஒரு தலைமுறையின் நிம்மதியே அவ்வுருண்டையைப் பெரிதாக்கிற்று என்று கூறலாம். 1924ஆம் ஆண்டுச் சட்டம் புதிய வரவைப் பெரிதும் அடைத்துவிட்டபின், அங்கே வேர்விட்ட சமையல் தன்போக்கில் வளர்ந்தது.

இத்தாலி ஒரே நாடானதே 1861இல்தான். வடக்கே வெண்ணெய், அரிசி, சோளக்களி. தெற்கே ஆலிவ் எண்ணெய், உலர் பாஸ்தா, தக்காளி என்று வட்டாரத்துக்கொரு சமையல் அங்கே உண்டு. ஊரில் நேப்பிள்ஸ்காரராகவும் சிசிலிக்காரராகவும் இருந்தவர்கள் நியூயார்க்கில் இறங்கியதும் வெறும் 'இத்தாலியர்' ஆனார்கள். தில்லிக்கு வந்ததும் நெல்லைக்காரரும் தஞ்சைக்காரரும் ஒருசேர 'மதராசி' ஆகிவிடும் விந்தையை அறிந்த நமக்கு இது புரியாததன்று.

நேப்பிள்ஸ் வீடுகளில் இறைச்சியைத் தக்காளியில் மணிக்கணக்காகக் கொதிக்கவிடும் வழக்கம் உண்டு. அதன் வழிவந்த சாற்றை நியூயார்க், நியூஜெர்சிப் பகுதி இத்தாலியக் குடும்பங்கள் பல 'ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு' என்றே அழைக்கின்றன. குழம்பு என்ற சொல்லை மகள் உச்சரித்த கணத்தில்தான் அந்த முள் அசைந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு தை மாதத்தில், நெல்லையிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். என் மனைவி சொதி வைத்திருந்தாள். முருங்கைக்காய் அன்று கிடைக்கவில்லை. தேங்காயின் விலையோ கைக்கு எட்டவில்லை. தேங்காய்ப்பால் பொடியைக் கரைத்து, பச்சைப் பட்டாணியும் காலிஃபிளவரும் தில்லிக் குளிர்காலத்துச் செங்கேரட்டும் போட்டிருந்தாள். வெண்மையாக இருக்கவேண்டிய சொதியில் இலேசான செம்மை படர்ந்திருந்தது. "என்னடே, இதுவா சொதி?" என்றார் பெரியப்பா. "பேர்தான் சொதி, பெரியப்பா" என்று நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். மனைவி ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். அதன்பின் ஊரிலிருந்து எவர் வந்தாலும் எங்கள் வீட்டில் சொதி வைப்பதில்லை.

எது அசல்? இத்தாலியச் சமையலின் உயிர்நாடி என நாம் கருதும் தக்காளியே, கொலம்பஸ் பயணத்துக்குப் பின்னர் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து சேர்ந்ததுதான். நம் மிளகாயும் அவ்வாறே. ஆகவே வேறுபாடே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. வேறுபாடு உண்டு, அதை அறிந்து உண்பதே அறிவுடைமை. அமெரிக்கத் தட்டை இத்தாலியத் தட்டு என்று சொல்வது பிழை. அதைப் போலி என்று எள்ளுவது அதனினும் பெரிய பிழை. கிடைத்ததைக் கொண்டு, கிடைக்காததை நினைந்து, அயலூர் அடுப்பில் ஒரு தாய் ஆக்கியதல்லவா அது?

2025 டிசம்பரில் நம் தில்லிச் செங்கோட்டையில் கூடிய யுனெஸ்கோ குழு, இத்தாலியச் சமையல் மரபை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. நம் தீபாவளியும் அதே கூட்டத்தில்தான் அப்பட்டியலில் இடம்பெற்றது. அச்செய்தியை நாளிதழில் படித்தபோது, பட்டியல் எதிலும் இடம்பெறாத ஒரு செந்நிறச் சொதி என் நினைவில் கொதித்துக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் பொங்கலுக்கு என் சித்தப்பா மகன் ஊரிலிருந்து வந்தான். மனைவியிடம் சொதி வைக்கச் சொன்னேன். "ஊர்க்காரருக்கா?" என்று தயங்கினாள். "ஆமாம், செங்கேரட் போட்டே வை" என்றேன். இலையில் அதை ஊற்றும்போது, "தம்பி, இது உங்கள் ஊர்ச் சொதி அன்று, எங்கள் வீட்டுச் சொதி" என்று நானே முந்திச் சொன்னேன். அவன் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டான். மனைவி அப்போதும் ஒன்றும் பேசவில்லை. என் இலைக்கு வந்தபோது மட்டும், நான் கேளாமலே இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனாள்.