அக்காளுக்குச் சொல்லாத சேதி

என் தமக்கையின் மகன் இலண்டனில் தொழில் பார்க்கிறான். சென்ற வைகாசியில் ஓர் இரவு தொலைபேசியில் அழைத்தான். கென்ற் பகுதியிலுள்ள பிராண்ட்ஸ் ஹச் என்னும் பந்தயத் திடலில், கட்டணம் செலுத்துவோர் தத்தம் காரையே ஓட்டிப் பார்க்கும் நாள்கள் உண்டு. அப்படியொரு நாளுக்குப் பெயர் கொடுத்துவிட்டானாம்.

"மாமா, நீங்கள் இரசாயனம் படிப்பிக்கிறனீங்கள். பிறேக்குக்கும் கிளச்சுக்கும் எந்த ஓயில் விட்டால் நல்லம்?"

அன்று காலைதான் அக்காள் வீடு தேடி வந்து, "தம்பி, உந்த விளையாட்டு வேண்டாமெண்டு நீ சொன்னால்தான் அவன் கேப்பான்" என்று விம்மிவிட்டுப் போயிருந்தாள். நாளை பேசுகிறேன் என்று அவனிடம் கூறித் தொலைபேசியை வைத்தேன்.

உறக்கம் வரவில்லை. 2014ஆம் ஆண்டு, மனைவி மக்களுடன் நுவரெலியாவிலிருந்து கம்பளை நோக்கி என் பழைய காரில் இறங்கிக்கொண்டிருந்தேன். கியரைக் குறைக்காது, வளைவுக்கு வளைவு பிறேக்கையே மிதித்து வந்தேன். றம்பொடை அருவி கண்ணிற்பட்ட சற்றைக்கெல்லாம் மிதி பஞ்சுபோல் இளகித் தரைவரை சென்றுவிட்டது. கியரைக் குறைத்தும் கைப்பிறேக்கை இழுத்தும் ஒரு மண்மேட்டோரம் எவ்வாறோ நிறுத்தினேன். அருவியைக் காட்டவே அப்பா நிறுத்தினார் என்று பிள்ளைகள் மகிழ்ந்தனர். மனைவி ஒன்றும் பேசவில்லை.

அரைமணி நேரத்தில் மிதி தானாகவே இறுகியது. புசல்லாவையில் கராச்சுக்காரர் மூடியைத் திறந்து, "ஐயா, ஓயில் தேத்தண்ணி மாதிரி கறுத்துப்போச்சு. மாத்தி எத்தனை வருசம்?" என்றார். எனக்கு நினைவில்லை. ஆண்டுதோறும் மாணவர்க்குக் கொதிநிலை கற்பிப்பவன் நான்!

பிறேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 என்னும் தரத்து எண்ணெய் புதிதாயிருக்கையில் 230 பாகைக்குக் குறையாது கொதிக்க வேண்டும், நூற்றுக்கு 3.7 பங்கு நீர் கலந்தபின் 155 பாகையே அதற்கு விதித்த எல்லை. திரவம் அமுக்கத்துக்கு இடங்கொடாது, ஆவியோ இடங்கொடுக்கும். கொதித்த எண்ணெயில் ஆவிக் குமிழிகள் தோன்றியதும் நம் கால்வலியெல்லாம் அக்குமிழிகளை நசுக்குவதிலேயே போய்விடும், சில்லு நில்லாது.

நான் மலையிறக்கத்தில் கண்டதை அவன் அத்திடலில் ஒவ்வொரு சுற்றிலும் காணக்கூடும். அதன் குறுஞ்சுற்று ஏறக்குறைய 1.2 மைல்தான், பிறேக் ஆறுவதற்கு அவகாசம் சொற்பம். நேர்பாதையின் முடிவில் வரும் பெடக் ஹில் வளைவோ வலப்புறம் திரும்பிப் பள்ளத்தில் விழுவது. மிதி இளகக்கூடாத இடம் அது.

"போகாதே" என்றால் எனக்கு மறைத்துவிட்டு, பழைய எண்ணெயுடனேயே போவான். ஆகவே மறுநாள் விடையையே சொன்னேன். இலக்கம் பெரிதென்று மயங்காதே. டொட் 5 என்பது சிலிக்கன் வகை; உன் எண்ணெயோடு சேராது, மிதியையும் மெதுமையாக்கும். 5.1 வேறு, அது டொட் 4 இனத்தது. டொட் 4 வரிசையிலேயே 300 பாகைக்கு மேல் கொதிக்கும் பந்தய எண்ணெய்கள் உள்ளன. போத்தலில் அச்சிட்ட இரு கொதிநிலைகளையும் வாசித்து வாங்கு. உடைக்காத போத்தலாக இருக்கட்டும். மிஞ்சியதை அடுத்த ஆண்டுக்கு வைக்காதே. அவனது காரில் கிளச்சும் அதே தொட்டியிலிருந்துதான் எண்ணெய் பெறுகிறது. எனவே அக்குழாயையும் கழுவிக் காற்றகற்றச் சொன்னேன். இறுதிச் சுற்றை மெல்ல ஓட்டிப் பிறேக்கை ஆறவிடவும், நிறுத்தியதும் சூட்டோடு கைப்பிறேக்கை இழுக்காது கியரில் விடவும் சொன்னேன். குறித்துக்கொண்டான்.

அந்த நாள் முழுவதும் வகுப்பில் என் மனம் இருக்கவில்லை. இரவு பத்து மணிக்கு அழைத்தான். பிறேக் கட்டைகள் தேய்ந்துவிட்டனவாம். மிதி மட்டும் கடைசிவரை கல்லாக நின்றதாம்.

அக்காளுக்கு இதுவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஞாயிறு தவறாமல் இந்தப் பக்கத்தை வாசிப்பவள் அவள்.