மண்டபம் முகாம், செக்கிங் நாள்

மண்டபம் இலங்கைத் தமிழர் முகாமுக்குள் போக அனுமதிக் கடிதம் வேண்டும். எதிரே இருக்கும் டீக்கடை பெஞ்சுக்கு எதுவும் வேண்டாம். பேசாமல் உட்கார்ந்திருந்தால், ராமேசுவரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆள் என்று விட்டுவிடுகிறார்கள்.

இன்று செக்கிங். வருவாய்த் துறையிலிருந்து ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர், வந்து, பதிவேட்டில் இருக்கும் பெயருக்கு உடம்பு இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்து வாங்கும் நாள். ஆள் இல்லையென்றால் அரசு தரும் பணக்கொடையில் கை வைத்துவிடுவார்கள். அதனால் வேலைக்கென்று வெளியூர் போயிருந்த ஆண்களெல்லாம் விடியற்காலையிலேயே வந்து இறங்குகிறார்கள். பாதிப் பேர் பெயிண்டர்கள். தமிழ்நாட்டில் எந்த அகதி முகாமுக்குப் போனாலும் இளைஞர்களில் பலரின் தொழில் அதுதான். தினக்கூலி, சர்டிபிகேட் கேட்காத வேலை.

இறங்கியவர்களில் ஒருவன் நேரே கடைக்கு வந்தான். முப்பத்து நாலு வயதாம், பிறகு தெரிந்தது. முழங்கை வரை பிஸ்தா பச்சை. காது மடலில் ஒரு சொட்டு வெள்ளை பிரைமர் காய்ந்து ஒட்டியிருக்கிறது. விரல்களைத் தின்னர் போட்டுத் தேய்த்திருக்கிறான். தோல் வெளுத்துவிட்டது, நகக்கண்ணில் நிறம் போகவில்லை. கையெழுத்துப் போடப்போகும் வலது கையைத்தான் அதிகம் தேய்த்திருக்கிறான்.

“டீயக் குடி தம்பி, ஆர்.ஐ. இன்னும் வரல” என்றார் கடைக்காரர்.

“ரெண்டாப் போடுங்கண்ணே. அம்மா வருது.”

அம்மா வந்தார். கழுத்தில் ஜெபமாலை, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாகக் குடும்ப அட்டை. மன்னார்த் தீவில் பேசாலை அவர் ஊர். “ராத்திரி சாப்பிட்டனியா?” என்று கேட்டார். “ஓமம்மா” என்றான். அடுத்த நொடி கடைக்காரர் சர்க்கரை பற்றிக் கேட்டதற்கு, “கம்மியாண்ணே” என்று ராமநாதபுரத்துக்காரனாகிவிட்டான்.

இந்த முகாமைப் போருக்காக யாரும் கட்டவில்லை. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்கள் காலராவையும் அம்மையையும் கூடவே கொண்டுவந்துவிடக் கூடாதென்று, கப்பலேறும் முன் சில நாள் நிறுத்திப் பார்க்க, வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணில் நடத்திய இடம் இது. பின்னர் 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். இந்தியாவின் பங்கு 5,25,000 பேர். அந்தக் கூலிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதே மண்டபம் வழியாகத்தான் வந்தார்கள். தமிழர்களுக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள் மூன்றாவது கூட்டம்.

கடைக்காரர் இடத்துக்குப் புதியவர் போல. “பெரியம்மா, நீங்க எந்த வருசம் வந்தீங்க?” என்றார்.

“எந்த வருசத்தைச் சொல்ல? மூண்டு தரம் வந்தனான்.”

முதல் தரம் 1985. இந்தியா அன்று காட்டிய வேகத்தை மறுக்க முடியாது. 1983-ல் கொழும்பு எரிந்துகொண்டிருந்தபோதே இந்திரா காந்தி வெளியுறவு அமைச்சர் நரசிம்மராவை அங்கே அனுப்பினார். ஜி. பார்த்தசாரதி தூதராகப் போய்ப் போய் வந்தார். 1985-ல் பூட்டானின் திம்புவில் இலங்கை அரசையும் தமிழ்ப் போராளிக் குழுக்களையும் ஒரு மேசைக்குக் கொண்டுவந்தார்கள். இந்தப் பக்கம் கரையேறியவர்களுக்கு அரிசியும் கூரையும் கிடைத்தன. அதே அரசுதான் போராளிக் குழுக்களுக்குப் பயிற்சியும் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த இடம் வரும்போது மட்டும் நம் பத்திரிகைகள் இன்றைக்கும் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றன.

1987 ஜூன் 3-ஆம் தேதி ராமேசுவரத்திலிருந்து சுமார் 20 படகுகளில் நிவாரணப் பொருள் யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டது. இலங்கைக் கடற்படை நடுவழியில் மறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாள் ஐந்து ஏ.என்.32 விமானங்கள் மிராஜ் போர் விமானங்கள் துணைக்கு வர யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து, சுமார் 25 டன் பொருளைப் பாராசூட்டில் போட்டன. பூமாலை என்று பெயர். குடாநாட்டு ஜனத்தொகைக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு ஒரு கைப்பிடி தேறியிருக்காது. மூட்டை விழுந்தது யாழ்ப்பாணத்தில் என்றாலும் சேதி போய்ச் சேர வேண்டிய இடம் கொழும்பு. சேர்ந்தது. ஜூலை 29-ல் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

ஒப்பந்தம் ஆனதும் ஊரில் அமைதி என்று இங்கே அறிவித்து, பல்லாயிரம் பேரைக் கப்பலில் திருப்பி அனுப்பினார்கள். பேசாலைக்காரரும் போனார். 1990-ல், ஒப்பந்தத்தை ஒட்டி இலங்கை போயிருந்த இந்திய அமைதிப் படை ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் போர் மறுபடி மூண்டது. அவர் இரண்டாம் தரம் வந்தார், ராத்திரி, மீன்பிடிப் படகில். படகோட்டிகள் கரை வரைக்கும் வருவதில்லை. தனுஷ்கோடிக்கு அப்பால் கடலில் வரிசையாக நிற்கும் மணல் தீடைகளில் ஒன்றில், இந்தியக் கரையான அரிச்சல்முனை இதுதான் என்று இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். விடிந்த பிறகுதான் சுற்றிலும் தண்ணீர் என்று தெரியும்.

“இவன் இஞ்சதான் பிறந்தவன். தொண்ணூத்தொண்டில.”

மகன் டீயை ஊதிக்கொண்டிருந்தான். 1987 ஜூலைக்கு முன் பிறந்திருந்தால் இந்த மண்ணில் பிறந்ததே போதும், இந்தியக் குடிமகன். அதன் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். நாலு வருசம் பிந்திவிட்டான்.

அவன் பிறந்த அதே 1991-ல், மே மாதம், ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதோடு தமிழ்நாட்டின் முகமே மாறியது. வாடகைக்கு வீடு இல்லை, பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் கிடைப்பது பாடு, போலீஸ் வந்து நிற்காத தெரு இல்லை. 1992-ல் மறுபடி திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். விருப்பத்தோடுதான் போகிறார்களா என்று கேட்டுப் பார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையத்தை அந்த வருசம்தான் சென்னையில் அனுமதித்தார்கள்.

“விருப்பம்தான் எண்டு சொன்னனீங்களா?” மகன் அம்மாவைப் பார்க்காமல் கேட்டான். முன்பே பலமுறை கேட்ட கேள்வி போலிருந்தது.

“அப்ப இருந்த நிலைமையில வேற என்னத்தைச் சொல்ல?”

2006 ஜூனில் பேசாலை மாதா கோவிலுக்குள் ஒதுங்கியிருந்த சனங்கள் மீதே தாக்குதல் நடந்தது. அப்படித் திரும்பிப் போயிருந்தவர் மூன்றாம் தரம் வந்தார். மகனுக்குப் பதினைந்து வயது.

கடைசிப் போரின்போது இந்தியா என்ன செய்தது என்பதை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். 2009 ஜனவரியில் பிரணாப் முகர்ஜி கொழும்பு போனார். மார்ச்சில் புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழு ஒரு மருத்துவமனை போட்டு, வன்னியிலிருந்து கப்பலில் வந்த காயக்காரர்களுக்கு மருந்து கட்டியது. அது நடந்தது, நல்ல காரியம். அதே வருசம் மே மாதக் கடைசியில் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமை அவையில், இலங்கைக்கு அனுகூலமான தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. 2012-ல் இலங்கைக்கு எதிராக, 2013-லும் எதிராக, 2014-ல் நடுநிலை. நடுவில் வடக்கிலும் கிழக்கிலும் இடிந்த வீடுகளுக்குப் பதிலாக ஆயிரக்கணக்கில் வீடு கட்டிக் கொடுத்தது. சோறு போடுவதில் இந்தியா பெரிதாகத் தவறியதில்லை. ஆனால் கொழும்போடு உறவு எப்படி என்பதைப் பொறுத்துத்தான் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் வரலாமா, போகவேண்டுமா என்பது ஒவ்வொரு முறையும் முடிவாகியிருக்கிறது. அகதிகளுக்கான 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. சட்டம் கட்டாயப்படுத்தாமலே இத்தனை பேருக்கு நாற்பது வருசம் இடம் கொடுத்தது பெருந்தன்மைதான். கொடுத்தவர் மனசு மாறினால் கேட்க ஒரு நாதியில்லை என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

2021-ல் மாநில அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது, பணக்கொடையை உயர்த்தியது, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்தது. குடியுரிமை தருவது டெல்லி. 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்று மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது.

கடைக்காரர் வடைச் சட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “அன்னைக்குப் பேப்பர்ல போட்ருந்தாங்களே தம்பி, சிலோன்காரங்களுக்குச் சலுகைன்னு. குடியுரிமை குடுத்துருவாங்களா?”

2025 செப்டம்பரில் அமலுக்கு வந்த புதிய குடியேற்றச் சட்டத்தின் கீழ் வந்த விலக்கு ஆணையைச் சொல்கிறார். 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனை கிடையாது.

“குடியுரிமை இல்லண்ணே. பிடிச்சு உள்ள போட மாட்டாங்களாம்.”

“அதுவரைக்கும் நல்லதுதான.”

“எங்களுக்கு நல்லதுதான். இந்தப் பிள்ளைக்கு அதுவும் இல்ல.”

கைக்குழந்தையோடு கடைக்கு வந்து பால் பாக்கெட் வாங்கிக்கொண்டிருந்த பெண்ணைச் சொன்னான். 2022-ல் இலங்கையில் பெட்ரோலும் மாவும் கிடைக்காமல் போனபோது வந்தவர்களில் ஒருத்தி. அந்த மார்ச்சில் முதலில் வந்தவர்களை வழக்குப் போட்டுச் சிறைக்கு அனுப்பிவிட்டுப் பிறகுதான் முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு மாதம் கழித்து, தமிழ்நாட்டு அரசு அதே இலங்கைக்குக் கப்பல் நிறைய அரிசியும் பால் மாவும் அனுப்பியது.

“அக்கா, ஆர்.ஐ. எத்தினை மணிக்காம்?” என்று அந்தப் பெண் பேசாலைக்காரரிடம் கேட்டாள்.

“பத்து எண்டவங்கள். நீ ஏன் பிள்ளை வெயிலில நிக்கிறாய்? குழந்தையைக் கொண்டா.”

மகன் இரண்டு டீக்கும் பால் பாக்கெட்டுக்கும் சேர்த்துக் காசு கொடுத்தான். கடைக்காரர் சில்லறைக்குத் துழாவ, “இருக்கட்டுண்ணே, சாயங்காலம் மதுரை வண்டிக்கு வரும்போது ஒரு டீ” என்றான். அங்கே ஒரு கல்யாண மண்டபத்துக்கு இரண்டாம் கோட்டிங் பாக்கியாம். சுபமுகூர்த்தம் வெள்ளிக்கிழமை, அதற்குள் காய வேண்டும்.