சொம்பு என்கிற சிலபஸ்

நீங்க கடைசியா ஒரு ஆர்ட் கேலரிக்குப் போனது எப்போ? ஸ்கூல் டூர்ல எழும்பூர் மியூசியம் போனது கணக்குல வராது, அங்க நம்மில் பாதிப் பேர் பார்த்தது திமிங்கில எலும்புக்கூடு மட்டும்தான். சரி, கடைசியா சொம்புல தண்ணி குடிச்சது எப்போ?

சிரிக்காதீங்க. நமக்கு சொம்புன்னா ஆலமரத்தடி பஞ்சாயத்து சீன், இல்லன்னா 'அவன் சொம்பு தூக்குறான்'ங்கிற கமெண்ட். ஆனா சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ்னு ஒரு அமெரிக்க டிசைனர் தம்பதி, இந்தியாவுல பார்த்த பொருட்களிலேயே ரொம்ப வியந்து எழுதினது இந்தச் சொம்பைப் பற்றித்தான். இவங்க செஞ்ச நாற்காலிகள் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கு. டிசைன் கல்வி எப்படி இருக்கணும்னு கேட்டு இந்திய அரசு இவங்களைக் கூப்பிட்டது. நாடு முழுக்கச் சுற்றிப் பார்த்துட்டு 1958-ல் ஓர் அறிக்கை கொடுத்தாங்க. அதன் தொடர்ச்சியாத்தான் 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது.

அந்த அறிக்கையில் சொம்பு பற்றி வர்ற பகுதியைப் படிச்சப்போ, நம்ம மெக்கானிக்கல் சிலபஸைத்தான் படிக்கிறேனோன்னு தோணுச்சு. இதைப் புதுசா வடிவமைக்கணும்னா எதையெல்லாம் யோசிக்கணும்னு ஒரு பெரிய பட்டியலே போடுறாங்க. எவ்வளவு தண்ணி பிடிக்கணும்? தூக்குறவங்க கை எவ்வளவு பெருசு? இடுப்புல வைப்பாங்களா, தலையிலயா? காலியா இருக்கும்போதும் நிறைஞ்சிருக்கும்போதும் எடை மையம் எங்க நிக்கும்? ஊத்தும்போது தண்ணி எப்படி ஓடும்? நாலு செமஸ்டர் முடிஞ்சுது பார்த்தீங்களா! அப்புறம்தான் நம்ம சிலபஸ்ல இல்லாத கேள்விகள் வருது. கழுவ சுலபமா இருக்குமா? கீழ வச்சா என்ன சத்தம் வரும்? இன்னொருத்தருக்குப் பரிசாக் கொடுக்கும்போது எப்படி இருக்கும்?

சொம்பை யாரும் தனியா உட்கார்ந்து வடிவமைக்கலை, பல தலைமுறை கைகள் சேர்ந்து செஞ்சதுன்னும் எழுதியிருக்காங்க. அதனாலதான் அதுக்குக் கீழே கலைஞர் பெயர் எழுதின அட்டை கிடையாது. அட்டை இல்லாததை 'கலை' லிஸ்ட்ல சேர்க்க நமக்கு ஏன் இவ்வளவு தயக்கம்னு எனக்கு இன்னும் புரியலை.

போன மே மாசம் பாட்டி வீட்டைக் காலி பண்ணினோம். பித்தளைப் பாத்திரமெல்லாம் கிலோ கணக்குல பாத்திரக்கடைக்குப் போச்சு. அம்மா சொன்னதும் நியாயம்தான்: புளி போட்டுத் தேய்க்கணும், உள்ளே ஈயம் பூசணும், பூசுறவங்க இப்போ தெருவுக்கே வர்றதில்லை. பாட்டி எதுக்கும் மறுப்பு சொல்லலை. ஒரே ஒரு சொம்பை மட்டும் மடியில் வச்சுக்கிட்டாங்க. தாத்தா ஞாபகமான்னு கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லடா, இதுதான் கையில நிக்குது"ன்னாங்க. மூட்டுவாதத்தில் அவங்க விரல்கள் முழுசா மடங்காது. பிளாஸ்டிக் ஜக்கின் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கணும். சொம்பின் கழுத்தைச் சுற்றி விரலை வச்சாலே போதும், விரிஞ்ச வாய் நழுவ விடாது.

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்னா, எங்க டீமோட ஃபைனல் இயர் புராஜெக்ட் கை நடுக்கம் உள்ளவங்களுக்கான ஸ்பூன். சென்சார், ரெண்டு குட்டி மோட்டார், பேட்டரி எல்லாம் வேலை செய்யுது. வெளிக்கூடு மட்டும் பாக்கி. வயர் தொங்குற மாடலைப் பாட்டிகிட்ட காட்டினேன். மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கலை. "இதை எப்படிக் கழுவுறது?"ன்னாங்க. அப்புறம், "நாலு பேர் முன்னாடி இதை எடுத்தா நோயாளின்னு தெரிஞ்சிரும்ல?"

ஈம்ஸ் பட்டியலை அவங்க படிச்சதில்லை.

டீம்ல இப்போ இதுதான் சண்டை. ரிவியூவுக்கு மூணு வாரம் இருக்கு. செவ்வகப் பெட்டியா பிரிண்ட் பண்ணிட்டா ஒரு ராத்திரியில் முடியும், மார்க்கும் குறையாதுன்னு ரெண்டு பேர் சொல்றாங்க. குறையாதுதான். மதிப்பெண் அட்டவணையில் 'கையில் பிடிக்க எப்படி இருக்கு'ன்னு ஒரு கட்டமே இல்லை. ஆனா தினம் மூணு வேளை அதைப் பிடிக்கப்போறது எக்ஸாமினர் இல்லையே.

இப்போதைக்கு களிமண்ணில் கைப்பிடி செஞ்சு பார்க்கிறோம். மூணாவது மாதிரி ஹாஸ்டல் ஜன்னல்ல காயுது. பாட்டி பிடிச்சுப் பார்த்ததில் அவங்க கட்டைவிரல் பதிஞ்ச பள்ளம் அதில் அப்படியே இருக்கு. பேட்டரியை அந்தப் பள்ளத்துக்குக் கீழே எப்படி நுழைக்கிறதுன்னுதான் இன்னைக்கு ராத்திரி உட்காரணும். உங்க யாருக்காவது ஐடியா இருந்தா மெக்கானிக்கல் பிளாக் பக்கம் வாங்க.