மூன்றாவது எட்டு

இருபத்துநாலை மூன்றால் வகுத்தால் எட்டு. மூணாங்கிளாஸ் கணக்கு. இந்தக் கணக்குக்காக ஆட்கள் தூக்கில் தொங்கியிருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

ராபர்ட் ஓவன் என்று ஒரு பஞ்சாலை முதலாளி. ஸ்காட்லாந்தில் நியூ லனார்க் என்ற ஊரில் மில் நடத்தியவர். முதலாளிகளில் கொஞ்சம் ஒரு மாதிரியான ஆசாமி. சின்னக் குழந்தைகள்கூட மில்லில் பன்னிரண்டு, பதினாலு மணி நேரம் நின்ற காலத்தில், 1817 வாக்கில், அவர் ஒரு பங்கீடு சொன்னார். எட்டு மணி வேலை, எட்டு மணி தூக்கம், பாக்கி எட்டு மணி நேரம் அவனவன் பாடு.

வேலை எது, தூக்கம் எது என்பது எல்லோருக்கும் தெரியும். (சில அலுவலகங்களில் மதியம் மூன்று மணிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அது வேறு விஷயம்.) எல்லாத் தகராறும் அந்த மூன்றாவது எட்டில்தான்.

1856 ஏப்ரல் 21. மெல்போர்னில் பல்கலைக்கழகக் கட்டடத்துக்குக் கல் கொத்திக்கொண்டிருந்த தொழிலாளிகள் உளியைக் கீழே போட்டுவிட்டு ஊர்வலமாகப் போனார்கள். கேட்டது எட்டு மணி வேலை. சம்பளம் குறையாமல் கிடைத்தது. அந்த ஊரில் இன்றைக்கும் ஒரு தூண் நிற்கிறது. அதன் உச்சியில் 888 என்று மூன்று எட்டுகள். தலைவருக்குச் சிலை வைப்பார்கள், நடிகருக்கு வைப்பார்கள். எண்ணுக்குச் சிலை வைத்த ஊர் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

சரி, கிடைத்த நேரத்தை என்ன செய்தார்கள்? மூன்றே வருஷத்தில், 1859ல், அதே மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஃபுட்பாலுக்கு விதிமுறை எழுதினார்கள். இரண்டுக்கும் நேர் முடிச்சுப் போட்டால் சரித்திரப் பேராசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். இங்கிலாந்தில் அந்தப் பயம் இல்லை. 1850ல் ஒரு சட்டம் வந்து, சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கெல்லாம் துணி மில்களில் பெண்களையும் சிறுவர்களையும் வீட்டுக்கு அனுப்பவேண்டும் என்றது. அவர்கள் போனபின் ஆண்கள் மட்டும் நின்று என்ன செய்ய? மில்லே நின்றது. இரண்டு மணிக்கு வெளியே வந்து, ஒரு வாய் பியர் குடித்துவிட்டு, மூன்று மணிக்கு மைதானம். இங்கிலீஷ் ஃபுட்பால் மேட்ச்கள் சனிக்கிழமை மூன்று மணிக்குத் தொடங்கும் வழக்கம் அப்படி வந்ததுதான். நேரம் கிடைத்த பிறகுதான் விளையாட்டு. நேரமில்லாதவனுக்கு ஏது சாம்பியன்ஷிப்?

சிகாகோவில் கதை இவ்வளவு சுமுகமாக முடியவில்லை. 1886 மே மாதம் எட்டு மணி வேலை கேட்ட கிளர்ச்சியில் குண்டு வெடித்து, துப்பாக்கிச் சூடு நடந்து, அடுத்த வருஷம் நவம்பரில் நாலு பேரைத் தூக்கில் போட்டார்கள். அந்த மே மாதத்தைத்தான் நாம் டி.வி.யில் சிறப்புத் திரைப்படம் பார்த்துக் கொண்டாடுகிறோம்.

இந்தியாவில் முதல் மே தினம் நம்ம ஊர்ச் சரக்கு. 1923ல் சிங்காரவேலர் சென்னையில் இரண்டு இடத்தில் கூட்டம் போட்டார். ஹைகோர்ட் எதிரே கடற்கரையில் ஒன்று, திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒன்று. அந்த மெரினாவில் 1959லிருந்து உழைப்பாளர் சிலை நிற்கிறது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நாலு பேர் ஒரு பாறையை நெம்பிக்கொண்டே இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்ப் பாருங்கள். சுற்றிலும் சுண்டல், பஜ்ஜி, பலூன், காதல். கடலை பார்க்க வந்த அத்தனை பேரும் ஹாயாக இருக்க, அந்த நாலு பேருக்கு மட்டும் ஓவர்டைம்.

என் சித்தப்பா பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் வேலை பார்த்தார். ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதினால் அவருக்கு வேலை முடிந்தது. மனசிலும் முடிந்தது. வீட்டுக்கு வந்து தலையில் இரண்டு சொம்பு தண்ணீர், ஒரு டீ, நேரே கேரம் கிளப். கிளப் என்றால் ஏதோ பெரிதாக நினைக்காதீர்கள். ஒரு கீற்றுக் கொட்டகை, தொங்கும் ஒரு பல்பு, இரண்டு போர்டு, ஒரு டப்பா போரிக் பவுடர். சித்தப்பா ஸ்ட்ரைக்கரை வைக்கும் தோரணையைப் பார்த்தால் மில்லில் பத்தோடு பதினொன்றாகத் தறி ஓட்டுகிறவர் என்று சொல்லமாட்டீர்கள். ரெட்டைப் போட்டு ஃபாலோவும் போட்டுவிட்டு, தோளில் கிடக்கும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சிரிப்பார்.

மாமா ஒருத்தர் கேட்டார், "இதுல என்னய்யா கிடைக்குது உனக்கு?"

"ஒண்ணும் கிடைக்காது மச்சான். அதான் வர்றேன்."

வட சென்னையில் மில்லும் துறைமுகமும் இருந்த பக்கமெல்லாம் கேரம், குத்துச்சண்டை, ஃபுட்பால் இருந்ததற்கு இந்தச் சங்குதான் காரணம் என்பது என் கட்சி. சென்னைக்காரரான மரிய இருதயம் கேரமில் 1991லும் 1995லும் உலக சாம்பியன். 2008ல் வியாசர்பாடி இளவழகி. 2024ல் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா அமெரிக்கா போய் மூன்று தங்கம் வாங்கி வந்தார். எல்லாம் சித்தப்பா மாதிரி 'ஒண்ணும் கிடைக்காத' ஆசாமிகள் காப்பாற்றி வைத்த ஆட்டம். மில்லை 1996ல் மூடிவிட்டார்கள். சங்கும் போச்சு.

நமக்கு இப்போது சங்கு கிடையாது. சட்டைப்பையில் செல்போன் இருக்கிறது. அது ஊதினால் வேலை ஆரம்பம் என்று அர்த்தம். ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு, ரசம் சாதத்தில் கை இருக்கும்போது, என் மேலதிகாரி கூப்பிடுவார். "சாரி, டிஸ்டர்ப் பண்றேனா?" இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் சொல்லி வேலையில் நீடித்தவர் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். 2020ல் கொரோனா வந்து வீட்டையே ஆபீஸ் ஆக்கிவிட்டுப் போனது. கொரோனா போய்விட்டது, ஆபீஸ் காலி செய்ய மறுக்கிறது. அதே ஆஸ்திரேலியாக்காரர்கள் 2024 ஆகஸ்டில், வேலை நேரம் முடிந்தபின் வரும் ஆபீஸ் அழைப்பை எடுக்காமல் இருக்க ஒரு சட்ட உரிமையே வாங்கிவிட்டார்கள். கல் கொத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா.

வேலைக்கு ஆள் எடுக்க நான் பல வருஷம் நேர்முகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாருடைய பயோடேட்டாவிலும் கடைசியில் ஒரு வரி. பொழுதுபோக்கு: புத்தகம் படித்தல், இசை கேட்டல். "கடைசியா என்ன படிச்சீங்க?" என்றால், அறையில் ஃபேன் சத்தம் நன்றாகக் கேட்கும். ஒரே ஒரு பையன் மட்டும், "சும்மா படுத்திருக்கப் பிடிக்கும் சார்" என்றான். அவனைத்தான் எடுத்தேன். நல்ல வேலைக்காரன்.

குழந்தைகளையாவது விட்டோமா? எங்கள் அடுக்ககத்தில் ஒரு பையன். திங்கள் கீபோர்டு, செவ்வாய் அபாகஸ், புதன் ஸ்கேட்டிங், வியாழன் செஸ், வெள்ளி மறுபடி கீபோர்டு. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் பதினெட்டு வயசில் உலக சாம்பியன் ஆனதிலிருந்து வியாழனோடு சனியும் செஸ். "ஆட்டம் பிடிச்சிருக்காடா?" என்றேன். "ரேட்டிங் இன்னும் வரலை அங்கிள்" என்றான். கேட்டது ஒன்று, வந்த பதில் ஒன்று. ஆனந்துக்கு ஆறு வயசில் அம்மா செஸ் சொல்லிக்கொடுத்தபோது ரேட்டிங் பற்றிப் பேசியிருப்பாரா என்று யோசிக்கிறேன்.

நாம் விளையாடுவதை விட்டுப் பார்க்க ஆரம்பித்தது தனிக் கதை. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியா, ஆஸ்திரேலியா டெஸ்ட் ஐந்து நாள் ஓடி, கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் டை ஆனது. டீன் ஜோன்ஸ் அந்த வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அதைப் பார்க்க லீவு கேட்டு, ஏற்கெனவே போய்ச்சேர்ந்த பாட்டிகள் எத்தனை பேர் ஊரில் மறுபடி காலமானார்கள் தெரியுமா? லீவு எடுத்தோம், பொய் சொன்னோம். அந்த நேரம் நம்முடையதாக இருந்தது.

2008ல் ஐ.பி.எல். வந்தது. ஆபீஸ் விட்டு வருகிறவனுக்குச் சௌகரியமாக மூன்றரை, நாலு மணி நேரத்தில் ஆட்டம் முடியும். என்ன ஒரு கருணை என்று நினைத்தேன். 2022 ஜூனில் அடுத்த ஐந்து வருஷ ஒளிபரப்பு உரிமையை ஏலம் விட்டார்கள். 48,390 கோடி ரூபாய், 410 மேட்ச். வகுத்துப் பாருங்கள். ஒரு மேட்ச்சுக்கு 118 கோடி. நாலு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் நிமிஷத்துக்கு சுமார் 49 லட்சம். விற்றது பேட்டும் பந்தும் என்றா நினைக்கிறீர்கள்? விற்றது உங்கள் சாயங்காலத்தை. மெல்போர்னில் உளியைப் போட்டு வாங்கிய அதே எட்டு மணியில் பாதி. பத்து பைசா கமிஷன் உங்களுக்கு வந்ததா? எனக்கு வரவில்லை. போதாததற்கு, பணம் கட்டி நீங்களே டீம் அமையுங்கள் என்றும் ஆரம்பித்தார்கள். 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டு அதை நிறுத்தும்வரை எங்கள் லிஃப்ட் பையன் சம்பளத்தில் பாதி அதற்குத்தான் போனது. நெட்ஃப்ளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017ல், தங்களுக்குப் போட்டியே தூக்கம்தான் என்கிற அர்த்தத்தில் பேசினார். அதாவது மூன்றாவது எட்டு முடிந்துவிட்டது, இரண்டாவதற்கு வந்திருக்கிறார்கள்.

முதல் எட்டு சும்மா இருக்குமா? 2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்கவேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் 90 என்று ஏற்றி, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். ஏலம்தான் இதுவும். சொந்தக் கம்பெனியில் உழைப்பது வேறு, மாதச் சம்பளத்துக்கு உழைப்பது வேறு என்று பெரியவர்களிடம் யார் சொல்வது?

இன்னொரு தேதி சொல்கிறேன். 2023 ஏப்ரல் 21. தமிழ்நாடு சட்டமன்றத்தில், தொழிற்சாலைகளில் ஒரு நாள் வேலையைப் பன்னிரண்டு மணி நேரம்வரை நீட்டிக்க வழிசெய்யும் திருத்த மசோதா நிறைவேறியது. மெல்போர்ன் ஊர்வலம் நடந்த அதே ஏப்ரல் 21. தேதி பார்த்து யாரும் வைத்திருக்கமாட்டார்கள், காலண்டருக்கே குசும்பு அதிகம். கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் சத்தம் போட, மே 1ஆம் தேதி முதல்வர் ஸ்டாலின் மசோதா வாபஸ் என்று அறிவித்தார். சிங்காரவேலரின் கடற்கரைக் கூட்டத்துக்குச் சரியாக நூறு வயசு அன்றைக்கு. சட்டம் பிழைத்தது. ஆனால் எங்கள் தெருவில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் செக்யூரிட்டி தாத்தாவுக்கு அந்த வாபஸ் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

இதுவரை எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். கை பாட்டுக்கு பீன்ஸ் நறுக்க, கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரி. இதுல என் எட்டு எங்கே வருது?"

மத்திய அரசு 2024ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைத் தேடி எடுத்தேன். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு அதில் செலவிடுவது 289 நிமிஷம். ஆண்கள் 88. எண்பத்தெட்டு என்றதும் அவள் சிரித்த சிரிப்பைப் பதிப்பிக்க முடியாது. ராபர்ட் ஓவன் பங்கு பிரித்தபோது சமையலறையை எந்த எட்டில் வைத்தார் என்று கேட்டாள். அவருக்கு எட்டுப் பிள்ளைகள் வேறு.

போன வாரம் பரணிலிருந்து கேரம் போர்டை இறக்கிவிட்டாள். அவளும் எதிர் வீட்டு அம்மாளும், ஏழரையிலிருந்து எட்டரை வரை, ஹாலில். நேற்று ரெட் போட்டாள், ஃபாலோவும் போட்டாள். எங்கே கற்றுக்கொண்டது என்றால், "உங்க சித்தப்பாதான். கல்யாணம் ஆன புதுசுல" என்கிறாள். இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது.

ஹாலில் ஆட்டம் நடக்கிறது. குக்கர் மூணு விசில் வந்ததும் அணைக்கவேண்டும் என்று எனக்கு உத்தரவு. இரண்டு வந்துவிட்டது.