47 வயதில் ஒரு புதுப் பாடம்

வெளிநாட்டில் இருக்கும் பேத்தியோடு தாத்தா வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கிறார். வைஃபை பெட்டி இருப்பது ஹாலில். அவர் இருப்பது உள்ளறையில். நடுவில் இரண்டு சுவர், ஒரு இரும்பு பீரோ. ஆனாலும் படம் தடங்காமல் வருகிறது. இதில் பொள்ளாச்சியில் பிறந்த ஒருவருக்கும் பங்கு உண்டு. அவர் ஆரோக்கியசாமி பால்ராஜ்.

இந்தியக் கடற்படை அதிகாரியாக இருந்தவர். 1971 டிசம்பர் 9 அன்று, போரின் நடுவே, டையூ அருகே ஐ.என்.எஸ். குக்ரி கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் திரும்பி வரவில்லை. நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்கும் சோனார் கருவிகளை மேம்படுத்தும் வேலை அதன்பின் பால்ராஜிடம் வந்தது. கடலின் இரைச்சலுக்குள் நமக்கு வேண்டிய ஓசையை மட்டும் பிரித்துக் கேட்கும் வித்தை அது. பிற்பாடு 'அப்சோ' என்ற உள்நாட்டு சோனார் அவர் தலைமையில் உருவானது.

1991-ல் கடற்படையிலிருந்து ஓய்வு. வயது 47. அவரோ அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி செய்யப் போனார்.

அங்கே ஒரு சோதனை. அருகருகே உள்ள இரண்டு டிரான்ஸ்மிட்டர்களிலிருந்து ஒரே அலைவரிசையில் வரும் சிக்னல்களைப் பிரிப்பது கடினம் என்பதுதான் கணக்கு. ஆனால் அவை பிரிந்தன! சுற்றியிருந்தவற்றில் மோதிச் சிதறியதால், ஒவ்வொரு சிக்னலும் வெவ்வேறு பாதைகளில், தனி அடையாளத்தோடு வந்து சேர்ந்திருந்தது. அதுவரை சிக்னலைக் கெடுப்பதாகத் திட்டு வாங்கிய சிதறல், இங்கே உதவிக்கு வந்தது.

அப்படியானால் பல ஆன்டெனாக்களிலிருந்து ஒரே நேரத்தில் வெவ்வேறு தகவல்களை அனுப்பலாமே? கல்யாண மண்டபத்தில் நாலு பேர் ஒன்றாகப் பேசினாலும், நாலு பேச்சையும் தனித்தனியாகக் கேட்டுவிடுவது போல. இதுதான் 'மைமோ'. பேராசிரியர் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; 1994-ல் கிடைத்தது. ஆனால், இது நடைமுறைக்கு உதவுமா என்று சந்தேகப்பட்டவர்கள் பலர். 1998-ல் அவரே நிறுவனம் தொடங்கிச் செய்து காட்ட வேண்டியிருந்தது.

இன்று வைஃபை, 4ஜி, 5ஜி எல்லாவற்றிலும் மைமோ இருக்கிறது. 6ஜி ஆராய்ச்சிகளும் இந்த அடித்தளத்தின் மேல்தான் நடக்கின்றன. 2014-ல், 70 வயதில், அவருக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது.

'இந்த வயசுல புதுசா என்ன படிக்கப் போறீங்க?' என்று வீட்டில் யாரையாவது கேட்கத் தோன்றினால், கையிலிருக்கும் போனை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.