எழுபத்தெட்டு வயதுக் கிதார்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்

2024-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 6-ஆம் நாள் டேவிட் கில்மோர் என்னும் ஆங்கிலேய ராக் இசைக் கலைஞரின் புதிய இசைத்தட்டு வெளிவந்தது. பெயர் 'லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்'. நல்லூழும் விந்தையும் என்று தமிழில் சொல்லிப் பார்க்கலாம். அப்போது அவருக்கு வயது எழுபத்தெட்டு. நான் இக்கல்லூரியில் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. இசைத்தட்டு என்று எழுதிவிட்டேனே தவிர, தட்டை நான் கண்ணால் கண்டதில்லை. எல்லாம் செல்பேசியில் கேட்டதுதான்.

காவிரிக் கரையில் விசைத்தறி ஓடும் ஊரிலிருந்து வந்து, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன் நான். "இவனுக்கு எதுக்குடா இங்கிலீஷ் பாட்டு?" என்று விடுதி நண்பர்கள் கேலி பேசுவதுண்டு. இக்கட்டுரையை அவர்களுக்கான விடையாகக் கொண்டாலும் சரியே.

எனக்கும் கில்மோருக்கும் உள்ள தொடர்பு ஒரு பனியனில் தொடங்கியது. நான் பத்தாம் வகுப்பில் படிக்கையில், திருப்பூரில் ஏற்றுமதி மிச்சத்துணி விற்கும் கடையிலிருந்து அப்பா எனக்கொரு கறுப்புப் பனியன் வாங்கி வந்தார். விலை நூறு ரூபாய். அதன் மார்பில் ஒரு முப்பட்டகம். ஒருபுறம் வெண்ணிற ஒளிக்கதிர் நுழைகிறது. மறுபுறம் வண்ணங்களாகப் பிரிந்து வெளியேறுகிறது. "உன் பாடப் புத்தகத்துல இருக்கற படந்தானே சாமி?" என்றார் அப்பா. அதற்காகவே வாங்கினாராம். வண்ணங்களை எண்ணினேன், ஆறுதான் இருந்தன. கருநீலத்தைக் காணோம். காரணம் தேடிப் போனபோதுதான், அது 'பிங்க் ஃபிளாய்ட்' என்னும் குழு 1973-இல் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' இசைத்தட்டின் உறைப்படம் என்றும், மூலப் படத்திலேயே ஆறு நிறங்கள்தாம் என்றும் அறிந்தேன். உறையைத் தேடிப் போனவன் உள்ளே இருந்ததையும் கேட்டேன். பிடித்துக்கொண்டது, இன்றுவரை விடவில்லை.

அக்குழு 1965-இல் இலண்டனில் தோன்றியது. கில்மோர் அதில் சேர்ந்தது 1968 தொடக்கத்தில். கிதார் அவருடையது; பாட்டின் சொல்லும் கருத்தும் பெரும்பாலும் ரோஜர் வாட்டர்ஸுடையவை; விசைப்பலகை ரிச்சர்ட் ரைட்; முரசு நிக் மேசன். 1985-இல் வாட்டர்ஸ் பிரிந்து போனார். அன்றிலிருந்து ரசிகர்களும் இரு கட்சி. நம் ஊர் ரசிகர் மன்றச் சண்டைகளுக்கு அது எள்ளளவும் இளைத்ததன்று! இருவரும் மீண்டும் ஒன்று சேர மாட்டார்களா என்று ஏங்குவோர் இன்றும் உண்டு. அந்த ஏக்கம் எனக்கில்லை. நான் பிறக்குமுன்னரே முடிந்துபோன சண்டைக்கு நான் ஏன் காத்திருக்க வேண்டும்?

எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு புதிய தட்டு. இதற்கு முந்தையது 2015-இல் வந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து வந்த இதில் ஒன்பது உருப்படிகள். தயாரித்தவர் சார்லி ஆண்ட்ரூ என்னும், வயதில் மிக இளையவர். கில்மோரின் பழம்பெருமை அவரைச் சற்றும் மிரட்டவில்லை. இந்த இடத்தில் கிதார்த் தனி வாசிப்பு எதற்கு, எல்லாப் பாட்டும் ஏன் தேய்ந்து தேய்ந்தே முடிய வேண்டும் என்றெல்லாம் கேட்டிருக்கிறார். இதைக் கில்மோரே பேட்டிகளில் மகிழ்ச்சியோடு சொல்லியிருக்கிறார். ஐம்பதாண்டுப் புகழ் படைத்த ஒருவர் இப்படிக் கேட்கப்படுவதை விரும்பி ஏற்றார் என்பதே எனக்கு இத்தட்டின் முதல் சிறப்பு.

பாடல் வரிகளில் பெரும்பாலானவை அவர் மனைவி, நாவலாசிரியை பாலி சாம்சன் எழுதியவை. 'ஸ்கேட்டர்ட்' என்னும் பாட்டுக்கு மகன் ஒருவரும் சொல் கொடுத்திருக்கிறார். மகள் ரோமனி பாடுகிறார். யாழை ஒத்த ஹார்ப்பும் மீட்டுகிறார். எங்கள் ஊரில் அப்பா தறி ஓட்ட, அம்மா தார் சுற்ற, பிள்ளை நூற்கட்டைச் சுமந்து வந்து வைப்பானே, ஏறக்குறைய அப்படியொரு குடும்பத் தொழிலாகவே இத்தட்டு உருவாகியிருக்கிறது.

குறை காணாமல் புகழ்வது ரசிகனுக்கு அழகன்று. மகனின் மழலைக்குரலைப் பழைய பதிவிலிருந்து எடுத்துச் சேர்த்திருக்கும் 'சிங்ஸ்' எனக்குச் சர்க்கரை கூடிய காப்பி. 'எ சிங்கிள் ஸ்பார்க்'கில் பாட்டைக் காட்டிலும் அதன் பின்னே வரும் கிதாரே பேசுகிறது. ஆனால் இதயத் துடிப்பைப் போன்ற ஒலியோடு தொடங்கும் 'ஸ்கேட்டர்ட்' இருக்கிறதே, 1973-இன் தட்டும் அதே துடிப்போடுதான் தொடங்கும். அன்று துடித்தது இருபத்தேழு வயது இதயம். இன்று துடிப்பது எழுபத்தெட்டு. கேட்பவர் நெஞ்சு இரண்டுக்கும் நடுவில் கிடந்து அடித்துக்கொள்கிறது.

தட்டின் பெயரைத் தாங்கிய பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். 2007 சனவரியில் கில்மோரும் ரிச்சர்ட் ரைட்டும் வேறு சில நண்பர்களும் கில்மோரின் வீட்டுக் களஞ்சியத்தில் கூடி, முன்திட்டம் ஏதுமின்றி வாசித்துக்கொண்டிருந்தார்கள். அது பதிவாயிற்று. மறு ஆண்டு செப்டம்பர் 15-இல் ரைட் புற்றுநோயால் மறைந்தார். பதிவு அப்படியே கிடந்தது. பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு அதையே அடிப்படையாக வைத்து இப்பாட்டைக் கட்டியிருக்கிறார் கில்மோர். இறந்தவரின் விரல்கள் ஒருபுறம். பதினேழு ஆண்டு முதுமை சேர்ந்த நண்பரின் குரல் மறுபுறம். தட்டின் கடைசியில் அந்தக் களஞ்சிய வாசிப்பையும் முழுதாகச் சேர்த்திருக்கிறார்கள். பதினான்கு நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவு. அதில் யாரும் யாரையும் முந்துவதில்லை. எதிரே இருப்பவர் அடுத்து எங்கே போவார் என்று காத்திருந்து வாசிக்கிறார்கள்.

பாட்டின் பொருள், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த தலைமுறையின் நல்லூழ். கில்மோர் 1946-இல் பிறந்தவர். அதே ஆண்டில்தான் பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பால் வழங்கச் சட்டம் வந்தது. அவர்கள் வளர்ந்தபோது போர் இல்லை. கையில் கிதார் இருந்தது. கேட்க ஓர் உலகமும் இருந்தது. அந்த நல்ல காலம் நிலைத்த ஒன்றா, அல்லது இருளுக்கு நடுவே தற்செயலாய் வந்துபோன ஒரு வெளிச்சமா என்னும் ஐயம் பாட்டின் ஊடே ஓடுகிறது. முதியவர் ஒருவர் தம் வெற்றியைத் திறமை என்று சொல்லிக்கொள்ளாமல் ஊழ் என்று சொல்வது எனக்குப் பிடித்திருந்தது.

ஊழ் என்றால் எங்கள் வீட்டிலும் கணக்கு உண்டு. தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டம் தொடங்கிய 1982-இல் அப்பா ஒன்றாம் வகுப்பு. முதன்முதலாகத் தட்டேந்திய பிள்ளைகளில் ஒருவர். சோற்றுக்காகவே பள்ளிக்கு அனுப்பினார்களாம். ஏழாம் வகுப்போடு தறிக்குப் போய்விட்டார். அவருடைய நல்லூழ் ஏழாம் வகுப்பில் நின்றது; என்னுடையது இரண்டாம் ஆண்டு வரை வந்திருக்கிறது.

இனிக் கிதாருக்கு வருகிறேன். 1970 முதல் கில்மோர் வாசித்த கறுப்புக் கிதார் ஒன்று உண்டு. 2019-இல் நியூயார்க் நகரில் ஏலம் விடப்பட்டு 39,75,000 டாலருக்குப் போயிற்று. தம்முடைய வேறு பல கிதார்களையும் சேர்த்தே விற்று, வந்த தொகை முழுவதையும் பருவநிலை மாற்றத்தை எதிர்த்து வழக்காடும் ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். கிதார் போய்விட்டதே, அந்த ஒலியும் போய்விடுமே என்று வருந்திய ரசிகர்கள் பலர். புதிய தட்டில் அதே ஒலி இருக்கிறது! எப்படி?

நம் ஆய்வகத்துச் சோனாமீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். எடையைக் கூட்டினால் கம்பியின் இழுவிசை கூடும். இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் அதிர்வெண் ஏறும். இசைக்கவையோடு ஒத்ததும் காகிதத் துண்டு துள்ளி விழும். கிதாரில் எடை இல்லை, விரல்தான் எடை. கம்பியை அழுத்தி, அப்படியே பக்கவாட்டில் தள்ளி, 'ச'விலிருந்து 'ரி'க்கு ஏற்ற வேண்டுமானால் இழுவிசையை நூற்றுக்கு 26 பங்கு கூட்ட வேண்டும். அதற்கும் மேலே 'க'வுக்கு ஏற்ற வேண்டுமானால் 59 பங்கு. வீணையில் கம்பியை இழுத்துக் கமகம் பிடிப்பதும் இதே கணக்குத்தான். கில்மோர் விரைந்து வாசிப்பவர் அல்லர். ஒரே சுரத்தைப் பிடித்து, மெல்லத் தள்ளி, சேர வேண்டிய இடத்தில் மயிரிழை பிசகாமல் நிறுத்தி, அங்கே சற்று நடுங்கவிடுவார். ஏலம் போனது மரமும் கம்பியுமே. அந்த 26 பங்கு அவர் விரலில் இருக்கிறது. எழுபத்தெட்டு வயதில் எலும்பு தேய்ந்த விரல் அதைத் தள்ளுகிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

இந்தத் தட்டை அப்பாவுக்குக் கேட்கக் கொடுக்க வேண்டும் என்று ஓர் ஆசை. அது எளிதன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தறிப்பட்டறையில் நின்றவர் அவர். உள்ளே ஒலி 90 டெசிபெலுக்கும் மேல். நாடா அடிக்கும் ஒலியில் பக்கத்துத் தறிக்காரரிடம் கையசைத்துத்தான் பேச முடியும். சென்ற ஆண்டு அப்பாவின் காதுகளைச் சோதித்த வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். தாழ்ந்த அதிர்வெண்களில் கோடு ஓரளவு நேராகப் போகிறது. 4000 ஹெர்ட்ஸை நெருங்குகையில் கிணற்றில் விழுந்ததுபோல் விழுகிறது. பேரொலியால் கேடுறும் காதில் முதலில் போவது அந்தப் பகுதிதான். உட்செவியில் உள்ள மயிரிழை உயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. (ராக் இசைக் கலைஞர்களிலும் இப்படிச் செவி கெட்டவர் பலர், 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்சென்ட் இதைப் பற்றி வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். அவர்களாவது தாமே எழுப்பிய ஒலியால் கெட்டார்கள்.)

செல்பேசியின் சிறு ஒலிபெருக்கிக்குத் தாழ்ந்த ஒலி வராது. அப்பாவின் காதுக்கு உயர்ந்த ஒலி வராது. இரண்டையும் சேர்த்தால் மிஞ்சுவது கொஞ்சமே. ஆகவே விடுதி நண்பர் ஒருவரிடம் நல்ல ஹெட்போன் ஒன்றை இரவல் வாங்கி, பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குக் கொண்டு போனேன். போகும் வழியெல்லாம் பேருந்தில் கணக்குப் போட்டேன். கிதாரின் மிக உயர்ந்த சுரத்துக்கும் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 1200 ஹெர்ட்ஸ்தான். மின்கிதாரின் ஒலிபெருக்கிப் பெட்டியோ 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறக்குறைய ஊமை. அப்படியானால் அப்பாவின் காதில் எஞ்சியிருக்கும் இடத்தில்தான் கில்மோரின் கிதார் பெரும்பாலும் வாழ்கிறது!

'பிட்வீன் டூ பாயிண்ட்ஸ்' என்னும் பாட்டை வைத்தேன். 1999-இல் வேறொரு குழு வெளியிட்ட பாட்டு அது. இதில் ரோமனி பாடியிருக்கிறார். தட்டிலேயே ஆகச் சிறந்தது அதுதான் என்பது என் கட்சி. மகள் அடக்கமாகப் பாடி முடித்த பின்னரே தந்தையின் கிதார் வாய் திறக்கும்.

"பாடறது ஆரு சாமி?"

"அவரோட மகளுங்கப்பா."

"கொளகொளன்னு கேக்குது. சொல்லு ஒண்ணும் தெரியல."

சொல் தெரியாததற்குக் காதும் காரணம், ஆங்கிலமும் காரணம். ஹார்ப்பின் மெல்லிய ஒலி அவருக்கு எட்டியதா என்று கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை என்றார். பேசாமல் உட்கார்ந்திருந்தோம். கிதார் வந்தது. அப்பா கையை உயர்த்தினார், தறியில் நூல் அறுந்தால் உயர்த்துவதுபோல.

"இது ஆரு இழுக்கறது?"

"அவருதானுங்க. எழுபத்தெட்டு வயசு."

"நல்லாக் கேக்குது சாமி. இழுத்து, இழுத்து, அறுக்காம உடறான் பாரு."

முப்பது ஆண்டு நூலோடு பழகியவர் சொன்ன இந்த விமரிசனத்துக்கு ஈடாக வேறொன்றை நான் எங்கும் படித்ததில்லை. அடுத்து அந்தப் பதினான்கு நிமிடக் களஞ்சிய வாசிப்பை வைத்தேன். இறந்தவர் வாசித்தது என்று சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார்.

எட்டு மணி ஷிப்டுக்கு நேரமாயிற்று. ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, நான் வாங்கித் தந்திருந்த நுரைக் காதடைப்பான்களை எடுத்து எனக்குத் தெரியும்படி சட்டைப்பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். அவற்றைக் காதில் வைத்தால் நூல் அறுந்து தறியின் ஒலி மாறுவது தெரியாதாம். பட்டறைக்குள் போன பின்னும் அவை பையிலேயே இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.