கித்துல்கலையில் படகேறும் முன்

கேகாலை மாவட்டத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து குடும்பமாகச் சுற்றுலா போகக் கித்துல்கலை அதிக தூரமில்லை. 1957இல் வெளியான 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்துக்குப் பாலம் கட்டியது இங்கே, களனி கங்கையில்தான். இப்போது படகுச் சவாரிக்கே கூட்டம்.

குடும்பத்துக்கு ஒல்லியான கயாக்கைவிட அகலமான ரப்பர் படகே ஏற்றது. காற்றறைகள் தனித்தனியானவை, ஒன்று ஓட்டையானாலும் மற்றவை மிதக்கும். படகு மிதந்தால் போதுமா? நம் தோட்டத்துப் பெண்களில் பலருக்கு நீச்சல் தெரியாது. பெரியவர்களின் உயிர்காப்பு அங்கியைப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் கழன்றுவிடும். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள்; காதுவரை ஏறினால் அது பிள்ளையின் அளவல்ல. சரியான அளவு இல்லையென்றால், பணம் கட்டியிருந்தாலும் ஏற்றாதீர்கள், சகோதரிகளே.

மேலே மலையில் மழையா என்றும் படகுக்காரரிடம் கேளுங்கள். ஆறு கலங்கி வந்தால், அன்று கரையிலேயே சோற்றுப் பொதியைப் பிரித்துச் சாப்பிட்டுத் திரும்பலாம்.